“நீங்களே மாத்திக்கலாம்” - ஒரு முப்பது வருட வாக்குறுதி

செமஸ்டர் தேர்வு முடிந்த கையோடு எழுதுகிறேன். காஸ்ட் அக்கவுண்டிங் எப்படி என்று யாரும் கேட்காதீர்கள், நட்பு கெட்டுவிடும் :-)

படிப்புச் செலவுக்காக நானும் சீனியர் ஒருவரும் சேர்ந்து சின்னச் சின்னக் கடைகளுக்கு வலைத்தளம் செய்து கொடுக்கிறோம் என்பது உங்களில் சிலருக்குத் தெரியும். போன மாதம் திருநெல்வேலி டவுனில் ஒரு பாத்திரக்கடை அண்ணாச்சியைப் பார்க்கப் போனோம். அவருக்கு ஏற்கெனவே ஒரு தளம் இருந்தது. யாரோ ஒருவர் செய்து கொடுத்துவிட்டு சென்னைக்குப் போய்விட்டார். போன் எடுப்பதில்லை. கடவுச்சொல்லும் அவரிடமே. நான்கு வருடத்துக்கு முந்தைய விலையில் ஒரு பித்தளைக் குத்துவிளக்கு அந்தத் தளத்தில் இன்னமும் நிற்கிறது. அந்த விலைக்குத்தான் வேண்டும் என்று ஒரு வாடிக்கையாளர் கடையிலேயே வந்து சண்டை போட்டாராம்.

அண்ணாச்சி கேட்டது ஒன்றே ஒன்று. “தம்பி, டிசைன் கிசைன் எல்லாம் ஒங்க இஷ்டம். வெல மாறுனா நானே மாத்திக்கிடணும். ஒவ்வொரு தடவையும் ஒன்னத் தேடிக்கிட்டு காலேஜுக்கா வர முடியும்?”

“அதெல்லாம் ரொம்ப ஈசி அண்ணாச்சி, நீங்களே மாத்திக்கலாம்” என்று சட்டென்று சொல்லிவிட்டேன். சென்னைக்குப் போனவரும் இதையேதான் சொன்னாராம். அந்த இரவு எந்தக் கருவியைத் தேர்ந்தெடுப்பது என்று தேட ஆரம்பித்தவன், பழைய கதைகளில் மாட்டிக்கொண்டேன். இந்த வாக்குறுதிக்கு முப்பது வருடத்துக்கு மேல் வயது. எத்தனையோ நிறுவனங்கள் இதைச் சொல்லிக் காசு பார்த்திருக்கின்றன. அதில் பாதி இப்போது உயிரோடு இல்லை. அந்தக் கதைதான் இந்தக் கட்டுரை.

ஆரம்பத்திலேயே ஒரு ஆச்சரியம். வலையின் முதல் உலாவியே ஒரு எடிட்டர்தான். 1990-ல் ஜெனீவாவுக்குப் பக்கத்தில் செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ எழுதிய ‘வேர்ல்டுவைடுவெப்’ என்ற மென்பொருளில் பக்கத்தைப் படிக்கலாம், அங்கேயே திருத்தலாம், ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்து இன்னொரு பக்கத்துக்கு இணைப்பும் கொடுக்கலாம். எச்.டி.எம்.எல். குறிகளைக் கையால் தட்டவேண்டிய தேவையே இல்லை. படிப்பவன் வேறு, எழுதுபவன் வேறு என்ற பிரிவே அவர் மனதில் இருக்கவில்லை.

பிறகு ஏன் அது போயிற்று? அந்த மென்பொருள் நெக்ஸ்ட் என்ற கணினியில் மட்டும்தான் ஓடும். ஸ்டீவ் ஜாப்ஸ் ஆப்பிளை விட்டு வெளியேறிய காலத்தில் செய்த இயந்திரம் அது. விலை அதிகம், வைத்திருந்தவர்கள் குறைவு. மற்ற கணினிகளிலும் வலையைப் பார்க்கவேண்டும் என்பதற்காக, செர்னில் பயிற்சிக்கு வந்திருந்த நிக்கோலா பெல்லோ என்ற கணித மாணவி (நம் வயதுதான்!) எழுத்து மட்டும் காட்டும் எளிய உலாவி ஒன்றை எழுதினார். எந்தக் கணினியிலும் ஓடவேண்டும் என்பது இலக்கு. அதனால் திருத்தும் வசதி அதில் இல்லை. 1993-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்திலிருந்து மொசைக் வந்து உலகையே கலக்கியது. அதிலும் படிக்கத்தான் முடியும். இப்படி யாரும் திட்டமிட்டுத் தீர்மானிக்காமலேயே, வலை என்பது பார்க்கும் பொருளாக ஆகிவிட்டது. எழுதத் தெரிந்தவர்கள் தனி ஜாதி ஆனார்கள். இப்போது அந்த ஜாதியில்தான் நானும் சம்பாதிக்கிறேன்.

அந்த இடைவெளியை அடைக்க வந்ததுதான் ஃபிரண்ட்பேஜ். 1994-ல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜில் சார்லஸ் ஃபெர்குசன், ராண்டி ஃபோர்கார்ட் என்ற இருவர் வெர்மீர் டெக்னாலஜீஸ் என்று ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். பெயர் டச்சு ஓவியர் வெர்மீருடையது. ஃபெர்குசன் புரோகிராமர் அல்ல, எம்.ஐ.டி.யில் அரசியல் அறிவியலில் முனைவர் பட்டம் வாங்கியவர். (நம்மைப் போன்ற ‘நான்-டெக்னிக்கல்’ ஆட்களுக்கு ஓர் ஆறுதல்.) வேர்டில் கடிதம் அடிப்பதுபோல வலைப்பக்கம் செய்யலாம் என்பதுதான் அவர்களது சரக்கு. 1995 அக்டோபரில் ஃபிரண்ட்பேஜ் வெளிவந்தது. 1996 ஜனவரியில், அதாவது மூன்றே மாதத்தில், மைக்ரோசாஃப்ட் சுமார் 13 கோடி டாலருக்கு நிறுவனத்தையே வாங்கிவிட்டது. ஃபெர்குசன் பின்னாளில் ஆவணப்பட இயக்குநர் ஆகி, 2008 பொருளாதார நெருக்கடியைப் பற்றிய ‘இன்சைடு ஜாப்’ படத்துக்காக ஆஸ்கரும் வாங்கினார். அது தனிக் கட்டுரைக்கான விஷயம், விடுவோம்.

மைக்ரோசாஃப்ட் கைக்கு வந்ததும் ஃபிரண்ட்பேஜ் ஊர் ஊராகப் போனது. ஆபீஸ் 2000-ன் பிரீமியம் பதிப்பில் வேர்டு, எக்செல் கூடவே அதுவும் வந்தது. என் அத்தை ஒருவர் கம்ப்யூட்டர் சென்டரில் படித்தபோது எழுதிய நோட்டில் “ஃபிரண்ட்பேஜ் - தீம் மாற்றுவது எப்படி” என்று ஒரு முழுப் பக்கம் இருக்கிறது. (தீம் என்பதோடு ‘ஐ’ சேர்த்தால் தமிழில் ‘தீமை’ ஆகிவிடும். “தீமை மாற்றுக” என்று எழுதியிருந்தார். ரசித்துச் சிரித்தேன்.)

இதில் இரண்டு வில்லங்கங்கள் இருந்தன. முதலாவது, அது எழுதிய எச்.டி.எம்.எல். பார்க்கச் சகிக்காது. நீங்கள் கையால் ஒழுங்காக எழுதிவைத்த நிரலை அதில் திறந்து சேமித்தால், தன் இஷ்டத்துக்கு மாற்றி எழுதிவிடும் என்பது அக்கால வடிவமைப்பாளர்களின் பொதுவான புலம்பல். இரண்டாவதுதான் முக்கியம். வருகை எண்ணி, படிவம், தேடல் பெட்டி மாதிரி வசதிகள் வேலை செய்ய, தளம் இருக்கும் வழங்கியில் ‘ஃபிரண்ட்பேஜ் சர்வர் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்ற கூடுதல் மென்பொருள் நிறுவப்பட்டிருக்க வேண்டும். எளிமை என்று வாங்கினவனுக்கு, அந்த எளிமை எந்த வழங்கியில் கிடைக்கும் என்று தேடுகிற வேலை வந்து சேர்ந்தது. 2003 பதிப்புதான் கடைசி. 2006-ல் மைக்ரோசாஃப்ட் கடையைக் கட்டியது. எக்ஸ்டென்ஷன்களை வழங்கி நிறுவனங்கள் கழற்றியபோது, அவற்றை நம்பியிருந்த படிவங்கள் எல்லாம் சும்மா நின்றன. இன்றைக்கும் பழைய தளங்களின் கோப்புகளைத் திறந்தால் ‘வி.டி.ஐ’ என்று தொடங்கும் அடைவுகளைப் பார்க்கலாம். வெர்மீர் டெக்னாலஜீஸ் இன்கார்ப்பரேட்டட் என்பதன் முதலெழுத்துகள் அவை. நிறுவனம் போய்விட்டது, முதலெழுத்து மட்டும் ஊரெங்கும் கிடக்கிறது.

இதே காலத்தில் தமிழுக்கு ஒரு தனித் தலைவலி இருந்ததையும் சொல்லவேண்டும். யூனிகோடு பரவுவதற்கு முன் டிஸ்கி, டேப், டேம் என்று பல குறியாக்கங்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகு டேப், டேம் இரண்டையும் தமிழக அரசு தரப்படுத்தியது. ஆனாலும் அவரவர் எழுத்துரு அவரவருக்கு. ஃபிரண்ட்பேஜில் தமிழ்ப் பக்கம் செய்து ஒரு கடைக்காரரிடம் கொடுத்தால், அவர் கணினியில் அதே எழுத்துரு இருக்கவேண்டும், அதற்குரிய விசைப்பலகையும் தெரிந்திருக்கவேண்டும். இல்லையென்றால் அவர் பார்ப்பது ஜிலேபி. “நீங்களே மாத்திக்கலாம்” என்பது தமிழ்க் கடைக்காரருக்கு ஆங்கிலக் கடைக்காரரை விடப் பல வருடம் கழித்துத்தான் உண்மையானது. விண்டோஸ் 2000-லிருந்து லதா எழுத்துரு கூடவே வந்து, யூனிகோடு நிலைத்த பிறகே மூச்சு விட முடிந்தது.

சரி, அமெரிக்காவுக்கே திரும்புவோம். 1997 டிசம்பரில் மேக்ரோமீடியா நிறுவனம் டிரீம்வீவரை வெளியிட்டது. “உங்கள் நிரலில் கை வைக்க மாட்டோம்” என்பதே அதன் பெருமை. தொழில்முறை ஆட்கள் அதன் பக்கம் சாய்ந்தார்கள். ஆனால் டிரீம்வீவர் செய்பவனுக்கான கருவி. அதைக் கொண்டுபோய் அண்ணாச்சியிடம் கொடுத்தால் நம்மை அடிப்பார்.

2002-ல் மேக்ரோமீடியா இன்னொன்று கொண்டுவந்தது. பெயர் கான்ட்ரிபியூட். இந்த வரலாற்றிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த கருவி இதுதான். ஏனென்றால், வாடிக்கையாளருக்கும் வடிவமைப்பாளருக்கும் உள்ள உறவை உட்கார்ந்து யோசித்துச் செய்திருக்கிறார்கள். வடிவமைப்பாளர் டிரீம்வீவரில் ஒரு வார்ப்புரு செய்வார். அதில் இன்ன பகுதி திருத்தக்கூடியது, இன்ன பகுதி பூட்டியது என்று குறித்துவிடுவார். பிறகு ‘இணைப்புச் சாவி’ என்று ஒரு கோப்பை மின்னஞ்சலில் வாடிக்கையாளருக்கு அனுப்புவார். வாடிக்கையாளர் அதை இருமுறை சொடுக்கினால் போதும். வழங்கி முகவரி, எஃப்.டி.பி. கடவுச்சொல் எதுவும் தெரியவேண்டாம். தன் தளத்தை உலாவியில் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டே வந்து, ‘திருத்து’ என்ற பொத்தானை அழுத்தி, விலையை மாற்றி, ‘வெளியிடு’ என்றால் முடிந்தது. தலைப்பையோ மெனுவையோ அவரால் உடைக்கவே முடியாது.

கவனித்தீர்களா? 1990-ல் பெர்னர்ஸ்-லீ செய்த அதே விஷயம், பன்னிரண்டு வருடம் கழித்து, பெட்டியில் அடைத்து விற்பனைக்கு வந்தது.

2005 டிசம்பரில் அடோபி 340 கோடி டாலருக்கு மேக்ரோமீடியாவை வாங்கியது. கான்ட்ரிபியூட் சில பதிப்புகள் தாக்குப்பிடித்து, 2017-ல் நின்றது. கருவியில் பெரிய குற்றம் ஒன்றும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். அதற்குள் திருத்தும் இடமே மேசைக் கணினியிலிருந்து உலாவிக்குள் போய்விட்டிருந்தது, அவ்வளவுதான்.

அந்த இடமாற்றத்தின் முதல் ஆள் யார் என்று தேடினால் வயாவெப் வருகிறது. 1995-ல் பால் கிரஹாம், ராபர்ட் மோரிஸ் இருவரும் ஓவியக் கூடங்களை இணையத்துக்குக் கொண்டுவரப் பார்த்தார்கள். கூடங்களுக்கோ அதில் ஆசையே இல்லை. அப்புறம் கடைகள் பக்கம் திரும்பினார்கள். விண்டோஸுக்கு மென்பொருள் எழுத அவர்களுக்கு மனசு வரவில்லை. அதனால் மென்பொருளைத் தங்கள் வழங்கியிலேயே ஓடவிட்டு, கடைக்காரர் உலாவியில் சொடுக்கிச் சொடுக்கிக் கடையைக் கட்டட்டும் என்று யோசித்தார்கள். சோம்பேறித்தனத்தில் பிறந்த புரட்சி. (இந்த மோரிஸ்தான் 1988-ல் இணையத்தையே முடக்கிய புழு நிரலை எழுதியவர்.) 1998-ல் யாஹூ சுமார் 4.9 கோடி டாலருக்கு வாங்கி, யாஹூ ஸ்டோர் ஆக்கியது.

கிரஹாம் பிற்பாடு எழுதியதில் ஒரு தகவல் என்னைக் கட்டிப்போட்டது. மென்பொருளைப் பயன்படுத்தி நீங்களே கடை கட்டிக்கொள்ளுங்கள் என்று வியாபாரிகளிடம் போனால், சிலர் மறுத்துவிட்டார்களாம். “வேண்டுமானால் நீங்களே கட்டிக் கொடுங்கள்” என்றார்களாம். இவர்களும் உட்கார்ந்து கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். ஆக, சுயசேவைக் கடைக் கருவியைச் செய்தவர்களே, வாடிக்கையாளருக்காகச் சட்டை மடித்துக்கொண்டு வேலை பார்த்திருக்கிறார்கள். கருவி எவ்வளவு எளிதானாலும் அதைத் தொட எல்லோருக்கும் நேரமோ விருப்பமோ இருப்பதில்லை. நான் வாங்கும் கூலி இந்த இடத்திலிருந்துதான் வருகிறது.

ஜியோசிட்டீஸ் கதை பலருக்குத் தெரியும் என்பதால் சுருக்கமாக. 1994-ல் டேவிட் போனெட், ஜான் ரெஸ்னர் தொடங்கியது. இலவச இடம், மின்னும் படங்கள், தெரு பெயர் வைத்த ‘குடியிருப்புகள்’. 1999 ஜனவரியில் யாஹூ சுமார் 360 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளைக் கொடுத்து வாங்குவதாக அறிவித்தது. 2009 அக்டோபரில் மூடியது. ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர்கள் ஓடிப்போய் முடிந்த அளவு பிரதி எடுத்தார்கள். ஜப்பானில் மட்டும் 2019 மார்ச் வரை ஓடியது.

2003 மே மாதம் வேர்ட்பிரஸ் வந்தது. மேட் முல்லன்வெக் அப்போது 19 வயதுக் கல்லூரி மாணவர். இங்கிலாந்தைச் சேர்ந்த மைக் லிட்டில் என்பவரோடு சேர்ந்து, பி2 என்ற கைவிடப்பட்ட நிரலை எடுத்து வளர்த்தார். வேர்ட்பிரஸ் வாடிக்கையாளர் தளங்களுக்குள் புகுந்ததற்கு நான் பார்க்கும் திருப்புமுனை 2005 டிசம்பரில் வந்த 2.0 பதிப்பு. இரண்டு காரணம். ஒன்று, வேர்டு போலவே தடிமன், சாய்வு பொத்தான்களோடு எடிட்டர் உள்ளேயே வந்தது. இரண்டு, நிர்வாகி, ஆசிரியர், எழுத்தாளர் என்று அதிகாரப் படிநிலை சரியாக அமைந்தது. கான்ட்ரிபியூட் பூட்டு போட்டுச் செய்ததை இது பதவி கொடுத்துச் செய்தது. அதோடு யாருக்கும் சொந்தமில்லாத நிரல். ஒரு வழங்கியிலிருந்து இன்னொரு வழங்கிக்கு மூட்டை கட்டிக்கொண்டு போகலாம். இன்று உலகின் வலைத்தளங்களில் 40 சதவீதத்துக்கு மேல் இதில்தான் ஓடுகின்றன.

ஆனால் எளிமை அங்கும் படுத்தியது. வேர்டிலிருந்து வெட்டி ஒட்டினால் மைக்ரோசாஃப்டின் குப்பைக் குறிகள் எல்லாம் கூடவே வந்து பக்கம் கோணலாகும். இதற்கென்றே ‘வேர்டிலிருந்து ஒட்டு’ என்று தனிப் பொத்தான் வைக்க வேண்டியதாயிற்று. 2018 டிசம்பரில் 5.0 பதிப்பில் எடிட்டரையே மாற்றி, கட்டம் கட்டமாக அடுக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். பழைய எடிட்டரைத் திருப்பித் தரும் நீட்சியை ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் நிறுவிக்கொண்டன. எது எளிது என்பது பழகிய கையைப் பொறுத்தது போலும். இழுத்து விட்டுப் பக்கம் கட்டும் நீட்சிகள் வேறு. அவற்றில் சிலதைக் கழற்றினால் பக்கம் முழுக்க சதுர அடைப்புக்குறிகள்தான் மிஞ்சும்.

2006-ல் இஸ்ரேலில் தொடங்கிய விக்ஸ் முதலில் ஃபிளாஷில் ஓடியது, 2012-ல் எச்.டி.எம்.எல்.5-க்கு மாறியது. சந்தேகமே இல்லாமல் எளிது. என் சீனியர் அண்ணாச்சிக்கு இதைத்தான் சிபாரிசு செய்தார். நான் தயங்கியதற்குக் காரணம், தளத்தை அங்கிருந்து அப்படியே பெயர்த்து வேறு வழங்கிக்குக் கொண்டுபோக முடியாது. நம் பாடத்தில் ‘ஸ்விட்ச்சிங் காஸ்ட்’ என்று படித்தோமே, அது இதுதான். உள்ளே வரக் கட்டணம் குறைவு, வெளியே போக எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போகவேண்டும்.

கூகுளும் இதில் உண்டு. 2017-ல் சிறு வணிகர்களுக்கு, கைபேசியிலிருந்தே சில நிமிடங்களில் இலவசத் தளம் செய்துகொள்ளும் வசதி கொடுத்தது. அதைவிட எளிதாக ஒன்று இருந்திருக்க முடியாது. 2024 மார்ச்சில் அந்தத் தளங்களை எல்லாம் நிறுத்தியது. ஜூன் 10 வரை பழைய முகவரிக்கு வந்தவர்களை கூகுளில் உள்ள கடைப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டது. அதன் பிறகு அதுவும் இல்லை. பில் புத்தகத்திலும் பையிலும் அந்த முகவரியை அச்சடித்திருந்தவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்த்தேன்.

இதையெல்லாம் படித்து முடித்தபோது என் சீனியரோடு ஒரு சின்ன வாக்குவாதம். “எல்லாத்தையும் அவர் கையில குடுத்துட்டா, நாளைக்கு நம்மள யாருடா கூப்பிடுவா? ஒரு திருத்தத்துக்கு முந்நூறு ரூபான்னு வெச்சாலும் மாசம் எவ்வளவு வரும் தெரியுமா?” என்றார். நியாயமான கேள்விதான், எனக்கும் பரீட்சைக் கட்டணம் கட்டவேண்டும். ஆனால் அவர் சொன்ன கணக்கு ஓடவேண்டுமென்றால் கடவுச்சொல் நம்மிடம் இருக்கவேண்டும். சென்னைக்குப் போனவரும் இதே கணக்கைத்தான் போட்டிருப்பார். நாங்களும் அடுத்த வருடம் வேலை கிடைத்து எங்கேயோ போகப் போகிறவர்கள்.

கடைசியில் வேர்ட்பிரஸில், கடைக்கான வூகாமர்ஸ் நீட்சியைப் போட்டோம். அண்ணாச்சிக்கு இரண்டு கணக்கு. தினசரிக்கு ‘கடை மேலாளர்’ பதவி. அதில் பொருளின் பெயர், அளவு, விலை, படம் எல்லாம் மாற்றலாம், தீமையும் (!) நீட்சிகளையும் தொட முடியாது. நிர்வாகி கணக்கு தனியாக, அதுவும் அவருடையதே. டொமைன் பெயரை அவர் மின்னஞ்சலில், அவர் கார்டிலேயே வாங்கினோம். பொருள் பட்டியலை எக்செலில் திறக்கிற மாதிரி ஏற்றுமதி செய்து ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன். மாதாமாதம் முந்நூறு கிடையாது. வருடத்துக்கு ஒருமுறை பராமரிப்புக்கு ஒரு தொகை பேசியிருக்கிறோம். சீனியருக்கு இன்னும் கொஞ்சம் வருத்தம்தான்.

பயிற்சி கொடுக்க ஒரு மணி நேரம் போதும் என்று நினைத்தேன். மூன்று நாள் ஆனது. முதல் நாள் ஒரு அண்டாவின் விலையை அழித்து, அந்த இடத்தில் “கேட்டுத் தெரிந்துகொள்ளவும்” என்று தட்டச்சு செய்யப் பார்த்தார். எண் மட்டும்தான் வரும் என்று அது மறுத்ததும், “ஏன், கடையில அப்படித்தான சொல்லுதோம்?” என்று என்னையே திருப்பிக் கேட்டார். முப்பது வருடக் கருவிகளில் எதுவும் அதற்குத் தயாராக இல்லை.

மூன்றாம் நாள் கடவுச்சொல்லை எங்கே எழுதிவைப்பது என்ற பேச்சு வந்தது. காகிதத்தில் எழுதாதீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அண்ணாச்சி கல்லாவிலிருந்து இந்த வருடக் கணக்கு நோட்டை எடுத்து, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழிக்குக் கீழே பெரிய எழுத்தில் எழுதி, பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார்.